நிலாவை எடுக்கும் வகுப்பு

உப்புவெளிக் கடற்கரையிலுள்ள எங்கள் வீட்டுக்குள் கடல் வரப்போகிறது என்றே நம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இளம் விரிவுரையாளர் தன் சிநேகிதியிடம் சொன்னது அப்படி.

“நாளைக்கும் நிலாவை எடுத்துவிடப்போறன். கடல் என்ன செய்யுதெண்டு பாப்பம்.”

“போன வகுப்பிலயும் எடுத்தனீதானே?”

“ஓமடி. வானியல் முதல் பாடம். கடல் ஏறி இறங்குறது விளங்கட்டும், நிலா இல்லையெண்டு நினையுங்கோ எண்டனான். சல்லி ஊர் மீன்காரப் பெடியள் கைதட்டுறாங்கள். இருட்டெண்டா வலையில மீன் நல்லாப் படுமாம். நாளைக்குத் துறைத்தலைவர் வந்து பாக்கப்போறார். திரும்பக் கைதட்டினா அந்தப் பாடத்தை என்னட்ட இருந்து எடுத்துப்போடுவார்.”

“அப்ப சூரியனை எடு. கருவாடு காயாது. ஒருத்தனும் கைதட்டமாட்டான்.”

எனக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் பயத்தில் நான் அனுப்பிய செய்தியைப் படித்த மனைவி, அதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் தோப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.