பார்த்தவர் கையெழுத்து

— நாப்பது கால்வா மூடியும் சரின்னு ஷீட்டுல டிக் போட்டிருக்கியே பிரவீன், எப்போ போய்ப் பாத்த?

— காலையிலதான் அம்சாக்கா. ஷிஃப்ட் முடிஞ்சு வரச்சொல்ல, அப்டியே ஒரு ரவுண்டு.

— நடந்தா, கம்பெனி பஸ்லயா?

— பஸ்லதான்.

— பஸ் ஜன்னல்லேர்ந்து கால்வா மூடில கீற வெடிப்பு தெரியுதா உனுக்கு? இன்னா கண்ணுடா அது! கம்பியால தட்டிப் பாத்தியா, சத்தம் கேட்டியா?

— அக்கா, நாளைக்குக் கிராம சபை. எல்லாத் தெரு ஷீட்டும் வந்துச்சு. நம்ம தெருவுது மட்டும் காலியா கீதுன்னா அசிங்கமா இருக்காது? நைட் ஷிஃப்டு, அதுக்கு மேல ஓ.டி. வேற. கண்ணு சொருகுது.

— முடியலன்னா 'பாக்கல'ன்னு எழுது. அதுல இன்னா அசிங்கம்?

— எங்க கம்பெனி லைன்லயே இப்டித்தான்க்கா. திங்கக்கெழமையே வாரம் பூராவுக்கும் சரி, சரின்னு போட்டுடுவோம். சூப்பர்வைசருக்கே தெரியும்.

— அங்க தப்பானா மிஷின் நிக்கும். இங்க மேல ஜனம் நடக்குது.

— கோச்சுக்காத. உன் ஷீட்டாலதான் தெருவிளக்கு பதினோன்னு எரியுது, குப்பை வண்டி வாரத்துக்கு ரெண்டு தபா வருது. நான் இல்லன்னா சொன்னேன்?

— ஏன் வருது? நாம எழுதுனது பொய்யில்லன்னு பஞ்சாயத்து கிளார்க்குக்குத் தெரியும். நீ சரின்னு போட்ட மூடி ஒண்ணு ஒடஞ்சிருந்தா போதும், மொத்தத்தையும் தூக்கிக் கடாசுவாரு.

— உன் வூட்டுக்காரரு, மாமா பேரச் சொன்னா எவன் வாயத் தொறப்பான்? விடியக்காலம் பஸ் புடிக்கப் போன மனுசன், ஒடஞ்ச மூடில காலு வெச்சு கால்வால உழுந்து செத்தாரு. ஆறு மாசமாச்சு. அந்த ஒரு மூடியத்தான மாத்துனாங்க?

— நாப்பதும் மாத்தறோம்னு எழுதிக் குடுக்காம நாளைக்கு சபையிலேர்ந்து நான் எழுந்திரிக்க மாட்டேன். குடுப்பாங்க, நீ பாரு.

— அப்போ இதக் கேளு. ஃபைல அடுக்கச்சொல்ல பாத்தேன். மாமா போனதுக்கு மொத நாள் ஷீட்டு. அவரு உழுந்த அதே மூடிக்கு சரின்னு டிக் கீது.

— ம்.

— அப்பல்லாம் 'பார்த்தவர் கையெழுத்து'ன்னு ஒரு கட்டம் கெடையாது. நீதான் அப்பறம் சேத்த. எவனோ வூட்ல குந்திகினே போட்டிருக்கான். இது பஞ்சாயத்து கைல சிக்குனா, 'உங்க ஆளே சரின்னு எழுதிக் குடுத்தானே'ம்பாங்க. கிழிச்சுடறேன்க்கா.

— குடு இங்க.

— நீயே கிழிக்கிறியா?

— பேனா குடு.

— இன்னாக்கா பண்ற? அதுல எதுக்கு உன் கையெழுத்து?

— நாளைக்கு சபையில மொதல்ல இதத்தான் படிப்பேன். அன்னிக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகைக்கு பஸ் பூடும்னு, போய்ப் பாக்காம அந்த டிக்கப் போட்டது நான்தான்டா.