பிரித்து எறிந்த கறுப்புக் காகிதம்

அதிகம் படிக்காத நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை டிராமில், போட்டோ எடுக்கும் பெட்டியை மடியில் வைத்திருந்த கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“பிலிம் சுத்துற சாவி லேசாச் சுத்துது மச்சான். பின்னாடி இருக்கிற சிவப்புக் கண்ணாடியில பட நம்பரே வரல.”

“பிலிமோட கறுப்புக் காகிதத்தை உருளையில சரியாச் செருகினியா?”

“மேலே சுத்தியிருந்த காகிதமா? கடையிலேயே பிரிச்சு எறிஞ்சிட்டேனே!”

“அடப்பாவி! நம்பர் இருக்கிறதும், பிலிம்ல வெளிச்சம் படாமக் காக்கிறதும் அதுதான்டா! அப்போ காலையில உன் வாப்பாவை எடுத்த படம்?”

“போச்சா? எல்லாமேவா? நாளைக்கு ஊருக்குக் கப்பல் ஏறுறாரே! படத்துக்கு உட்கார இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டாரு, அதுவும் முதல் தடவையா!”

மச்சான் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, துறைமுகம் போகும் டிராமில் அவர்கள் நடுவே ஒரு பெரியவர் தொப்பியைச் சரிசெய்தபடி இருந்தார். பெட்டி மச்சான் மடியில் இருந்தது; அதன் சிவப்புக் கண்ணாடியில் ‘1’ என்ற நம்பர் தெரிந்தது.