வெள்ளை அட்டை

கையெழுத்து அழகாக இருப்பவர் ஒரு பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது, மேடம். பரிசளிப்புச் சான்றிதழா, சிஸ்டரிடம் கொடு. பிரிவு உபசார மடலா, சிஸ்டர் எழுதட்டும். நான் அங்கே நர்ஸ். பதினோரு வருஷத்தில் சிராய்த்த முழங்காலுக்கு மருந்து போட்டதைவிட அடுத்தவர் பெயரை எழுதியதுதான் அதிகம். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. பரவாயில்லை, எழுதட்டும்.

நான்கு நாளாகக் கணக்கு வாத்தியாரின் மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். பிஸ்கட் செய்தது மட்டும்தான் அவர் வேலை. அதில் வேர்க்கடலை இருக்கிறது என்று படிவத்தில் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் படிவம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பஞ்சுப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. அது பள்ளி ஆவணம்.

முறையாகச் சொல்கிறேன்.

இருபத்தாறு நாட்டுக் குழந்தைகள் என்று எங்கள் வாசல் பலகையில் போட்டிருக்கும். அப்பா பாலம் கட்ட வருவார், இல்லை வங்கி திறக்க வருவார். வேலை முடிந்தால் மூட்டை கட்டுவார்கள். நேற்றுவரை என் மடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்த பிள்ளை நாளைக்கு வேறு கண்டத்தில் இருக்கும். பெரும்பாலும் டிசம்பரில்தான் போவார்கள். கிறிஸ்துமஸுக்காகப் பெரிய கூடத்தில் ஒரு மரம் வைப்போம். குழந்தைக்கு ஒன்றாகக் காகித நட்சத்திரம் தொங்கும், ஒவ்வொன்றிலும் பெயர். பெயரை நான் எழுதுவேன். பள்ளியை விட்டுப் போகிற குழந்தைக்கு அதன் நட்சத்திரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசி நாளன்று மரத்தில் சொட்டை விழுந்திருக்கும்.

அப்புறம் மூன்று வாரம் விடுமுறை. வளாகத்தின் பின்பக்கம் எனக்கு ஓர் அறை உண்டு. அண்ணன் வீட்டுக்குப் போகலாமே என்று முதல்வர் வருஷா வருஷம் சொல்வார். போகலாம். அண்ணி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், பெட்டி எவ்வளவு பெரிசு என்றுதான் பார்ப்பாள். அதனால் அறையிலேயே இருந்துவிடுவேன். வகுப்பறைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருப்பார்கள். மூன்று வாரமும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் விழாவில் ஒரு விபத்து நடந்தது. அது உண்மையிலேயே விபத்து, அதில் என் பங்கு எதுவும் இல்லை. வயலின் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் யாரோ கொண்டுவந்த கேக்கைத் தின்றான். அவனுக்குக் கடலை ஆகாது. தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. "சிஸ்டர், சிஸ்டர்" என்று நாலாபக்கமும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள், மேடம். தூதரகத்துக்காரர் ஒருவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். நான் போய்த் தொடையில் ஊசி போட்டேன். பத்து நிமிஷத்தில் பையன் தண்ணீர் கேட்டான்.

அவர்கள் அந்த வாரம் ஊரைவிட்டுப் போக வேண்டியவர்கள். மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லவே, அடுத்த பருவம்வரை தங்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ஒரு பெயர் அட்டை. என் பெயரும் இருந்தது. பையனின் அம்மா எழுதியது, எழுத்து சுமார்தான். ஆனால் அத்தனை வருஷத்தில் என் பெயரை வேறொருவர் எழுதிப் பார்த்தது அன்றுதான். அந்த அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கோடையில் அவர்களும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கும்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் அட்டை முறை வந்தது. டிசம்பர் விழாவுக்கு யார் என்ன பலகாரம் கொண்டுவந்தாலும், என்னென்ன சேர்த்தது என்று முதல் நாளே படிவத்தில் எழுதித் தர வேண்டும். நான் படித்துப் பார்த்து, கடலை, பருப்பு வகை இருந்தால் சிவப்பு அட்டை, இல்லாவிட்டால் வெள்ளை அட்டை எழுதித் தட்டின் முன் வைப்பேன். வேறு யாரும் எழுதக் கூடாது. முதல்வரின் உத்தரவு. குழந்தைகளுக்கு நானே வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பொக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்ததிலிருந்து நானும் ஆயாம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆயாம்மா என்றால் மருத்துவ அறையைக் கூட்டிப் பெருக்குகிறவர். பொக்கைக்கும் கடலை ஆகாது. அதனால் அவளுடைய ஊசி வைத்த நீலப் பை, புகைப்படம் ஒட்டி, எங்கள் அலமாரியில் இருக்கும். அதைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தினமும் மதிய இடைவேளையில் வந்துவிடுவாள். தலைவலி என்பாள். நான் தெர்மாமீட்டர் வைப்பேன். நோட்டில் 'ஓய்வு' என்று எழுதுவேன்.

"இந்த நோட்டை நம்பினா இந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கும் உடம்பு சரியில்ல," என்பார் ஆயாம்மா. "அதுவும் இந்தப் பொக்கைக்கு வாய் மட்டும்தான் நல்லா இருக்கு."

"வாயிலதான் பல்லு இல்லையே ஆயாம்மா," என்பாள் அவள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் கட்டிலில் காலாட்டிக்கொண்டே சொன்னாள். "சிஸ்டர், அப்பா பாலம் முடிஞ்சிருச்சு. நாங்க போறோம்."

"எப்போ?"

"விழா அன்னிக்கே. விழா முடிஞ்சதும் நேரா ஏர்போர்ட். நீங்க லீவுக்கு எங்க போவீங்க?"

"இங்கதான் இருப்பேன்."

"தனியாவா? பேய் வந்தா?"

"வந்தா காய்ச்சல் இருக்கான்னு பாத்துட்டு அனுப்பிடுவேன்."

அதற்கு அப்படிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு வாங்களேன்," என்றாள்.

"கூப்பிட்டா வருவேன்."

"அம்மாகிட்ட கேக்கறேன்."

மறுநாள் வந்தவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சொன்னாள். "அம்மா சொன்னாங்க, சிஸ்டருக்கு அவங்க ஆளுங்க இருப்பாங்களாம். நாம தொந்தரவு பண்ணக் கூடாதாம்."

அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். தன்மையாகப் பேசுவார். தெரியாமல் சொன்னார், அவ்வளவுதான். தெரிய வைக்கலாம் என்று தோன்றியது.

நான் யோசித்த வகையில் யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைக்கு ஒரு கால் மணி நேரம் கஷ்டம். பக்கத்திலேயே நான், கையில் ஊசி. பிறகு பயணம் ஒரு மாதமாவது தள்ளிப்போகும். கிறிஸ்துமஸ் இங்கேதான். அட்டையில் பெயர் எழுதுவார்கள். பொக்கை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். பையன் விஷயத்தில் எல்லாம் சரியாகத்தானே நடந்தது.

விழா அன்று காலை முதல் ஆளாக அந்த அம்மாள்தான் விடைபெறும் படிவத்தோடு வந்தார். பள்ளியை விட்டுப் போகிறவர்கள் நூலகம், பேருந்து, மருத்துவ அறை என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். நீலப் பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் காரில் வைக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் பகுதியில் நான் எழுத வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: 'இக்குழந்தைக்கான மருந்து எதுவும் இனி எங்களிடம் இல்லை.' வழக்கம்போல் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு சிஸ்டர்," என்றார். "இத்தனை நாளா இவளைப் பாத்துக்கிட்டீங்க. மறக்கவே மாட்டோம்."

எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எங்களிடம் மருந்து இருந்தது. அவளுடையது இல்லை, பள்ளியின் பொது ஊசி. யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று என் மேசையில் எப்போதும் ஒன்று இருக்கும். வாசகம் அதைச் சொல்வதில்லை. அப்படி ஒன்று இருப்பது பெற்றோருக்குத் தெரியாது என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. இது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு மேசைகளில் அட்டை வைத்தேன். கணக்கு வாத்தியாரின் மனைவி செய்த பிஸ்கட் நட்சத்திர வடிவத்தில், மேலே சர்க்கரை தூவி இருந்தது. அதன்முன் வெள்ளை அட்டை வைத்தேன். பொக்கை பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு, மரத்திலிருந்து கழற்றிக் கொடுத்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது நீங்க எழுதினதா சிஸ்டர்?"

"ஆமாம்."

"அப்ப சாப்பிடலாம்."

இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நான் மாடியில் இருக்கும் மருத்துவ அறைக்கு வந்துவிட்டேன். ஏன் கூடத்திலேயே நிற்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். அங்கேயே நின்றால் கூப்பிட வேண்டியிருக்காதே, மேடம்.

பொது ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிறகு பாட்டு நின்றது. நாற்காலிகள் விழும் சத்தம். ஆயாம்மா ஜன்னலருகே போனார்.

"சிஸ்டர், கீழ ஏதோ கூட்டமா ஓடறாங்க."

"கூப்பிடுவாங்க ஆயாம்மா."

யாரும் படியேறி வரவில்லை. கூட்டம் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனது. நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். அப்பா பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அம்மா காரின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இழுத்து இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். நீலப் பையை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்துவிட்டு அதன்மேல் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார். ஒரு பெட்டி வாய் பிளந்து துணியெல்லாம் தரையில் கிடந்தது. பெரிய பெட்டி நான்கு என்று எண்ணினேன். சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். சிஸ்டருக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பாவம், அந்த அம்மாள் நான் எழுதியதை நம்பினார். எங்களிடம் மருந்து இல்லையென்றால் எங்களிடம் ஏன் ஓடி வரப்போகிறார்?

"சிஸ்டர், அது நம்ம பொக்கை. போங்க சிஸ்டர்."

"கூப்பிடட்டும்."

ஆயாம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் உங்களிடமும் வந்து சொல்லியிருப்பார். அவருக்கு முழங்கால் வலி, படியிறங்க நேரமாகும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வாங்களேன்" என்று கத்திக்கொண்டே இறங்கினார். நான் ஊசியின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டேன். பாட்டு நின்று சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. பையனை நாலாவது நிமிஷத்திலேயே வந்து சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். கீழே அந்த நட்சத்திரம் அவள் கையிலிருந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் இசை வாத்தியார் மூச்சிரைக்க வந்து கதவில் கை வைத்தார். "சிஸ்டர்" என்றார். ஒரே ஒரு தடவைதான்.

நான் ஓடினேன். வழியில் எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். ஊசி போட்டேன். மூச்சு திரும்பவில்லை. அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பச்சை ரிப்பன் அவிழ்ந்திருந்ததால் அதைக் கட்டிவிட்டேன். அதற்குமேல் செய்வதற்கு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டையை மாற்றியது நான். கையில் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் உங்கள் எழுத்தர் இங்கே, 'கூப்பிட்டும் வரவில்லை' என்று எழுதியிருக்கிறார். அது பொய். பதினோரு வருஷத்தில் கூப்பிட்டு நான் போகாத நாளே கிடையாது. அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள், மேடம். அந்த வரியை மட்டும் நானே எழுதித் தருகிறேன்: 'கூப்பிட்டவுடன் ஓடினேன்.'