கோபுரத்துக்கு இடது பக்கம்

— இன்னொரு தபா சொல்லு, வடிவு. நாளைக்குக் கேபிள் டிவிக்காரன் மைக்க நீட்டினா இன்னா சொல்லுவே?

— வானத்துல ஏழு விளக்கு. கோபுரத்துக்கு இடது பக்கம். இந்த மாடியில துணி எடுக்கச்சொல்ல பாத்தேன்.

— 'என் வீட்டுக்காரர் ராமராஜன் காட்டினாரு, பாத்தேன்.' அத வுட்டுட்டியே!

— ஆமா, அதான முக்கியம்.

— காஞ்சி வானியல் பேரவை நிறுவனத் தலைவர் ராமராஜன்னு சொல்லணும்.

— ஆரம்பிச்சு ஒரு வாரங்கூட ஆவல. அதுக்குள்ள நிறுவனத் தலைவரா?

— கார்டு அடிச்சாச்சும்மா.

— சரி, சரி... ஏங்க, ஒரு சந்தேகம். போன்ல படிச்சேன். சாட்டிலைட்டுங்க ரயிலு மாதிரி வரிசையாப் போவுமாமே...

— சாட்டிலைட்டு நேராப் போவும். இது அருவா மாதிரி வளைஞ்சு போவுது.

— அப்ப வெள்ளி?

— வெள்ளி ஓடுமா?

— நாரை? வேடந்தாங்கலுக்குப் போற நாரைங்க... கோபுரத்து லைட்டு வயித்துல பட்டா மினுக்கும்னு போட்டிருந்தான்.

— நாரையா! முப்பது வருஷமா நெசவாளர் சங்கத்துல புடவைக்குத் தரம் போடற கண்ணுடி இது. ஜரிகையில ஒரு இழை மங்கினா ஆறடி தள்ளி நின்னு சொல்லுவேன். எனக்கு நாரை தெரியாதா?

— கோச்சிக்காதீங்க...

— டிவிக்குப் பேச்சுகூட எழுதி வெச்சிட்டேன். 'விஞ்ஞானமே, விழித்துக்கொள்!'

— பாவம், அது எங்க தூங்கிக்கினு இருக்குது?

— கிண்டலா... அதோ! அதோ பாரு!

— எங்க?

— இடது பக்கம்! போச்சு... நீ பாக்கறதுக்குள்ள நழுவிடுச்சு.

— நல்லா நேராப் பாருங்க.

— நேராப் பாத்தா ஓரமா ஒதுங்குதும்மா.

— இன்னா விளக்குங்க இது, புதுப்பொண்ணாட்டம்... சரி, கோபுரத்துக்கு முதுகக் காட்டித் திரும்புங்க. வெடுக்குனு.

— எதுக்கு?

— திரும்புங்களேன்.

— திரும்பினா... ஆங்! வந்துடுச்சு பாத்தியா!

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— ஏங்க... இப்ப உங்க இடது பக்கம், அப்ப வலது பக்கமா இருந்தது. அந்தக் கோடியில இருந்த விளக்கு இந்தக் கோடிக்கு எப்படி வந்துது?

— அதான் மர்மம்! வேகத்தப் பாரு!

— எனக்கு ஒண்ணும் புரியல. வேகமா இல்ல... உங்களோடவே திரும்புது.

— அப்ப தேவசகாயம் பாத்தது? பக்கத்து வீட்டு அந்தோணி பாத்தது? தெருவே பாத்துது!

— தேவசகாயம் புடவைக்கு நீங்கதானே தரம் போடறீங்க? பாக்கலன்னு சொல்லுவாரா? போன மாசம் ஒரு மயில் கழுத்துப் புடவைய ராமர் பச்சைன்னீங்க. சங்கமே ராமர் பச்சைன்னுது.

— அது ராமர் பச்சைதான்!

— அத நெய்ததே நாந்தாங்க.

— அப்ப அங்கியே ஏன் சொல்லல?

— பத்து பேரு நடுவுல எப்படிச் சொல்றது?

— சரி, அத வுடு. விளக்க நீ பாத்தியே! ஏழுன்னு எண்ணிச் சொன்னியே!

— பாக்கலங்க.

— வடிவு...

— உங்க மூஞ்சத்தான் பாத்தேன். 'தெரியுதா, தெரியுதா'ன்னு கொழந்த மாதிரி கேட்டீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. வாய்க்கு ஏழுன்னு வந்துடுச்சு. போன்ல கடைசியா இன்னொண்ணும் போட்டிருந்தான். அத நான் உங்களுக்குப் படிக்கல. கண்ணுக்குள்ள விழித்திரை கிழிஞ்சாலும் இப்படி ஓரத்துல மின்னுமாம். ஒரு நாள்கூட தள்ளக்கூடாதாம்.

— கண்டதையும் படிக்காத...

— கண்ண மூடுங்க.

— எதுக்கு...

— சும்மா மூடுங்க. இப்ப வெடுக்குனு திரும்புங்க... மின்னுதா?

— மின்னுது. மூடினாலும் மின்னுதுன்னு எனக்குப் பத்து நாளாத் தெரியும், வடிவு. கண்ணு போச்சுன்னா எனக்கு சங்கத்துல இன்னா வேலை? அந்த பயத்துலதான் ஒவ்வொருத்தரா மாடிக்கு இட்டாந்து காட்டினேன். ஒருத்தராவது இல்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நீ ஏழுன்னப்பறந்தான் தைரியமே வந்துது... நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதாண்டி.