கடைசி அத்தியாயம் இருந்த இடத்தில்

இந்த நாவலின் கடைசி அத்தியாயம் இதில் இல்லை, சார். தடங்கலுக்கு மன்னியுங்கள். வாடகைப் புத்தகங்களில் கடைசிப் பக்கம் காணாமல் போவது புதிதல்ல. ஆனால் என் கடையில் இதுவரை அப்படி நடந்ததில்லை. இதில் நானேதான் தையலைப் பிரித்து, அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, நான் எழுதிய இந்தத் தாள்களை வைத்துத் தைத்திருக்கிறேன். புத்தகம் முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் காரணம் சொல்கிறேன்.

எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று சொல்லத் தெரியும். படித்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆள் எந்த முகத்தோடு கொடுக்கிறார் என்று பார்த்தால் போதும், அடுத்தது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் அதற்குக்கூட வேலை இல்லை. முரட்டுத் துப்பறியும் நாவல்தான் வேண்டும் உங்களுக்கு. துப்பறிகிறவன் குடிப்பான், அடி வாங்குவான், இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பான், சட்டத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். கடைசியில் அவன் அடித்ததெல்லாம் சரிதான் என்று ஆகிவிடும். அப்படிப்பட்டதாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன். பாதி படித்துவிட்டு வந்து கொலையாளி யார் என்று கவுன்டரில் சாய்ந்துகொண்டு சொல்வீர்கள். "முப்பது வருஷ சர்வீஸ்மா. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்பீர்கள்.

என் மூஞ்சியை மட்டும் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி எங்கள் தெருவுக்குக் குடிவந்து, அங்கத்தினராகச் சேர வந்த அன்று நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். தெரிந்துதான் சிரிக்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாரோ என்றுகூட ஒரு நிமிடம் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். நீங்கள் வாடகை எவ்வளவு என்று கேட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் பைண்டர். ஒரு பெரிய வீட்டில் பழைய புத்தகங்களுக்கு அட்டை போடப் போனார். அதே வாரம் அந்த வீட்டில் ஒரு நெக்லஸ் காணாமல் போனது. வெளியாள் அவர் ஒருவர்தான் என்பதால் நீங்கள் அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இரண்டே நாளில் அவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கிவிட்டீர்கள். அந்த இரண்டு நாளும் நான் ஸ்டேஷன் வாசலில்தான் கிடந்தேன். ஒருமுறை என்னைத் தாண்டிப் போகும்போது, "காலை மடக்கிக்கம்மா, வழியில நீட்டிட்டு உட்காராத" என்றீர்கள். மடக்கிக்கொண்டேன்.

நெக்லஸ் அந்த வீட்டு மாப்பிள்ளையிடம் அகப்பட்டது. இவரை விட்டுவிட்டார்கள். ஆனால் வலது கை விரல்கள் அதன் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான்தான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன், பிறகு நானே தைக்கவும் ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இழுத்துத் தை, இன்னும் இழு என்று சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் பின்னறையில் பசை வாளிக்குப் பக்கத்திலேயே தன் கதையை முடித்துக்கொண்டார்.

இதைச் சொல்லி உங்களிடம் சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. உங்கள் மேல் கை வைக்கும் எண்ணமும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் புத்தி எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பிறகு ஒருநாள் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். தாயில்லாப் பிள்ளை, கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிறவன், நல்ல உயரம், பேச்சு மட்டும் வாய்க்குள்ளேயே. கடையில் நாலு பேர் இருக்கும்போது, "எங்க வீட்டு பயந்தாங்கொள்ளிக்கு வீரமா ஏதாவது குடுங்கம்மா" என்றீர்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டது நீங்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுடைய துப்பறியும் நாவல்களில் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாளே கொண்டுவந்துவிட்டான். "இதுல நல்லவன்னு ஒருத்தர்கூட இல்லையே அத்தை" என்றான். என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டான். அந்த முறைப்படி பார்த்தால் நீங்கள் எனக்கு அண்ணன் ஆகிறீர்கள். அன்று ராத்திரி அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், வயிறு எரிய எரிய.

அவனுக்கு வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது. ராணுவச் சிறுகதைகள். என்னிடம் தடிமனான தொகுப்பு ஒன்று இருந்தது, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் எழுதியது. நல்ல தொகுப்புதான், யாருக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஆனால் எல்லாக் கதையும் எல்லாருக்கும் ஒத்துவராது. அதனால் பிரித்தேன். கூட்டாளியைத் தோளில் தூக்கி வருகிறவன், கடைசி ரொட்டியைப் பங்கு போடுகிறவன், ஊர் திரும்பியதும் அப்பா எழுந்து நின்று கைகொடுக்கிற பையன், இவர்களையெல்லாம் சேர்த்து நீலத்துணி அட்டையில் தைத்தேன். காலில்லாமல் வந்தவன், பெட்டியில் வந்தவன், வராமலே போனவன் இவர்களைத் தனியாக எடுத்துப் பரண்மேல் வைத்தேன். பக்க எண் இடிக்காமலிருக்க ஓரத்தை வெட்டினேன்.

முதல் கதையாக வைத்தது தண்ணீர்க் கதை. தாகத்தில் தவிக்கும் கூட்டத்துக்காக, யாரும் சொல்லாமலே ஒருவன் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போய் நிறைத்துக்கொண்டு வருவான். அதுவரை அவனைக் கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். அந்தக் கதையை உங்கள் பிள்ளை எத்தனை தடவை படித்தான் என்று எனக்குத் தெரியாது. புத்தகம் அந்த இடத்தில் தானாகவே திறந்துகொள்ளும் அளவுக்குப் படித்திருந்தான்.

இன்னும் கேட்டான். இன்னும் பிரித்தேன், இன்னும் தைத்தேன். அவன் நடையே மாறியது. பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது நீங்கள் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தீர்கள். நீங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அவன் பரீட்சைக்கே போயிருப்பான். அதில் எனக்குப் பங்கில்லை.

கிளம்புவதற்கு முன் நீலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கவுன்டரில் வைத்துவிட்டுக் கேட்டான்.

"எல்லாக் கதையும் நல்லாவே முடியுது அத்தை. நிஜத்துலயும் அப்படித்தான் இருக்குமா?"

"இத எழுதினவங்க எல்லாம் அங்கருந்து திரும்பி வந்தவங்கதானேப்பா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவன் முகம் தெளிந்தது. பரண் என் தலைக்கு மேலேதான் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினால் கைக்கு எட்டும். நான் ஏறவில்லை. அவன் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனான். நான் காலை மடக்கிக்கொண்டேன்.

அவன் பெட்டியில் வந்த பிறகு, தாடியோடு நீங்கள் கடைக்கு வந்தீர்கள். பாதி படித்திருந்த இந்த நாவலைக் கவுன்டரில் வைத்து, "தோட்டக்காரன்தான் கொன்னிருப்பான். இனிமே யாரு கொன்னா என்ன" என்றீர்கள். உட்காரச் சொன்னேன். அப்போதுதான் அதைக் கேட்டீர்கள்.

"கண்ணிவெடி இருக்கிற பாதைன்னு எல்லாருக்கும் தெரியுமாம். யாரும் போகச் சொல்லலையாம். இவனாவே கேனைத் தூக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போயிருக்கான். ஏன் போனான்? அதுதான் எனக்குப் புரியவே இல்ல."

முப்பது வருட சர்வீஸ். நான் உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

மாதங்கள் போய், பாதியில் விட்ட அந்த நாவல் இருக்கிறதா என்று நேற்று கேட்டு வந்தீர்கள். நாளைக்கு எடுத்து வைக்கிறேன் என்றேன். அந்த ஒரு நாளில் முடித்த வேலை இது. இந்தத் தாள்களுக்குப் பின்னால் இருப்பவை பரணிலிருந்து இறக்கிய கதைகள். அவற்றிலும் ஒரு தண்ணீர்க் கதை உண்டு. அந்தக் கேன் காலியாகவே கிடக்கும். அதை முதலில் படியுங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

என் வீட்டுக்காரரிடம் வாக்குமூலம் வாங்க நீங்கள் இரண்டு நாள் பாடுபட்டீர்கள். என்னுடையதை நீங்கள் கேட்காமலே தருகிறேன். உங்கள் பிள்ளையைக் கொன்றது நான். ஆனால் நான் யாரையும் அடிக்கவில்லை. அவன் உடம்பில் என் விரல் பட்டதில்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது. அவன் திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று வேறொரு ராணுவக் கதைத் தொகுப்பை ஒரு கதைகூடப் பிரிக்காமல் முழுசாக எடுத்து வைத்திருந்தேன். அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஏன் எடுத்து வைத்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

கடை வழக்கம்போல் திறந்திருக்கும். யாரை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள், நான் எங்கும் போகமாட்டேன். நாவலின் முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. தோட்டக்காரன் கொல்லவில்லை, சார். பாவம், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இந்த முறையும் நீங்கள் பிடித்தது தப்பான ஆளை.