ரவுடி மீனும் ஏழு டீயும்

குமாரபாளையத்திலிருந்து சேலம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு தறிக்காரர். அவர் மடியில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் பச்சையாக மினுங்கும் ஒரு சின்ன மீன்.

“இவன் பெரிய ரவுடிங்க,” என்றார் பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

“குரோமிஸ் மீனுதானுங்க? எங்கூட்டு உப்புத்தண்ணித் தொட்டியிலயும் ஒம்பது இருக்குதுங்க.”

“நான் ஏழு உட்டேனுங்க. கூட்டமாச் சுத்துமுன்னு கடைக்காரர் சொன்னாரு. இவன் ஒவ்வொண்ணாத் தொரத்திக் கொத்தி, மூணைக் கொன்னுட்டான். கடையிலயே திருப்பிக் குடுத்துரப் போறேன்.”

“இவன் போனா அடுத்த பெரியவன் ஆரம்பிப்பானுங்க. தீனி எத்தனை வேளை போடறீங்க?”

“காலையில தறி ஓட்டறதுக்கு முன்னால ஒருக்கா.”

“நீங்க ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?”

“தறிச் சத்தத்துல ஆறு ஏழு ஆயிருமுங்க.”

“ஒவ்வொரு டீக்கும் அதுகளுக்கு ஒரு சிட்டிகை போடுங்க. பசியிலதான் ரொம்ப அடிச்சுக்குதுங்க.”

அவர் பையைத் தூக்கி மீனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சங்ககிரி வந்ததும் எழுந்துவிட்டார்.

“சேலத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் நடத்துநர்.

“பரவாயில்லீங்க. இவனை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிச் சோறு போடோணும்.”