புகை அடங்கிய கங்கு

இழுக்கிறார்கள். தோள் இரண்டையும் பிடித்து இழுக்கிறார்கள். இடுப்பு வாசற்படியில் இடிக்கிறது. முகத்தில் மழை அறைகிறது. கண் திறக்கிறது, கை அசையவில்லை. பக்கத்து வீட்டு மோகன் கத்துகிறான். "அண்ணாத்த, மூச்ச இழு! இழுய்யா!" இழுத்தேன். வாந்தி வந்தது.

அன்று பகலில் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை ஏறிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் எங்கள் ஊர். காற்று முதலில் உறுமியது. பிறகு விசிலடித்தது. பின்கட்டுத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு கிறீச். தகரம் போய்விட்டது. விறகடுப்பில் மழை விழுந்து சொய்யென்றது. அணைவதற்குள் கங்குகளை வாரி இரும்புச் சட்டியில் போட்டேன்.

மகள் பிரியா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது, அறையில் கணப்புச் சட்டி வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கூரை வீட்டில் வைத்தால் கீற்றுச் சந்து வழியாகக் காற்று போய் வரும். நான் கட்டியது கான்கிரீட் வீடு. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக் கட்டினேன். ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டேன். அந்தப் பெருமை வேறு.

புகை அடங்கும்வரை சட்டியை வாசலில் வைத்து விசிறினேன். புகை போனால் ஆபத்தும் போயிற்று என்று நினைப்பு. உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். இடுக்கில் பழைய லுங்கியைத் திணித்தேன். கதவடியில் சாக்கு. சட்டியில் இன்னும் இரண்டு கை சவுக்குக் கரி போட்டேன்.

என் மனைவி வசந்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், தல கிர்ருனு சுத்துது. ஜன்னல கொஞ்சம் தொற."

எனக்கும் வலித்தது. சொல்லவில்லை. "கொழந்தைக்கு ஜன்னி வந்தா நீயா பாப்ப? கம்முனு கெட," என்றேன். மகள் முன்னால் சொன்னேன். வசந்தா போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதை எழுதவே கூசுகிறது.

மிச்சம் பிரியா சொல்லித்தான் தெரியும். நான் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன். அது தூக்கமில்லை. பிரியா வாந்தியெடுத்தாள். குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. வசந்தா என்னை எழுப்பிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்து மகளையும் பிள்ளையையும் மழையில் தள்ளினாள். "ஓடு! மோகன் வூட்டுக்கு ஓடு!" மழை பட்டதும் குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே திரும்பினாள். எனக்காகத் திரும்பினாள். காற்று பின்னாலேயே கதவை டமாரென்று அறைந்து சாத்தியது.

மோகன் ஆட்களோடு வந்தபோது நாங்கள் இருவரும் கதவுக்கு உள்பக்கம் கிடந்தோம். சுவரோரம் இருந்த என்னை அதுவரை இழுத்து வந்து, தன்னைத் தாண்டி வாசல் பக்கம் தள்ளியிருக்கிறாள். நான் அவளைவிட முன்னால் கிடந்ததால் என்னை முதலில் வெளியே எடுத்தான். அவள் கை என் சட்டைக் காலரைப் பிடித்திருந்ததாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தானாம். சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கங்கு விடும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை. நிறம் இல்லை. தலைவலியும் தலைசுற்றலும்தான் எச்சரிக்கை. எனக்கு அந்த எச்சரிக்கையை அவள் வாயாலேயே சொன்னாள்.

இப்போது எங்கள் வீட்டில் அடுப்பு வெளியில்தான் எரிகிறது. கொட்டுகிற மழையென்றால் அன்றைக்கு பிரெட். கங்கு வாசற்படி தாண்டாது. ஊரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் போய் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். "இன்னாய்யா உனக்கு வேற வேல இல்லியா?" என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். ஏன் என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் "பாழாப்போன புயலு" என்றார்கள். நான் தலையாட்டினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தலையாட்டினேன். வெட்கங்கெட்டவன். புயலில் செத்தவள் என்றே அவள் பெயர் ஊரில் நின்றுவிட்டது.

கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் புயல் எடுத்தது: பின்கட்டுத் தகரம், ஒரு முருங்கை மரம், மோகனின் ஆடு இரண்டு. ஆள் யாருமில்லை.

நான் எடுத்தது: வசந்தா.